மெலிந்த பிள்ளையின் ஈரலிலும் கொழுப்பு

பொட்டலத் தின்பண்டங்களின் முன்பக்கத்திலேயே சர்க்கரை, உப்பு, கொழுப்பு பற்றிய எச்சரிக்கை வேண்டும் என்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் 3 மாதக் கெடு கொடுத்தது. ஜூலையில் இன்னும் 3 மாதம் நீட்டியது. அந்தக் கெடு முடியும் நேரத்தில் கொல்லிமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்வி: “எங்க பிள்ளைங்க ஒல்லிதானே, ஈரல் கொழுப்பு எங்களுக்கு எதுக்கு வரப்போகுது?”

வரும். ஆனால் அரசின் ஏட்டில் ஏறாது. 2023இல் வந்த சர்வதேச வரையறைப்படி, ஈரல் கொழுப்பு நோய் என்று சொல்ல ஈரலில் கொழுப்பு இருந்தால் மட்டும் போதாது. உடல் எடை, ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது கெட்டிருக்க வேண்டும். மத்திய அரசு 2021இல் இந்நோயைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டது. அத்திட்டத்தின் பரிசோதனையோ 30 வயதுக்கு மேல்தான் தொடங்குகிறது. எடை குறைந்த நான்கு வயதுப் பிள்ளை இரண்டிலும் தப்பிவிடுகிறது.

என்னைக் கவலைப்படுத்துவது ஈரலின் வேலைமுறை. சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பங்கிட்டுக்கொள்ளும். ஈரலுக்குள் அது எரியும் பாதையில் ஒரு நொதி காவல் நிற்கிறது; சக்தி போதுமென்றால் வழியை அடைத்துவிடும். ஃப்ரக்டோஸ் பெருமளவு ஈரலுக்கே வந்து, அந்த நொதியைத் தாண்டிய இடத்தில் நுழைகிறது. அடிவாரச் சோதனைச் சாவடியைத் தொடாமல் காட்டுப்பாதையில் மலையேறும் லாரி மாதிரி. தடுக்க ஆளில்லாமல் மிஞ்சுவது கொழுப்பாகிறது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பருமனான 9 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குக் கலோரியைக் குறைக்காமல் சர்க்கரைக்குப் பதில் மாவுச்சத்து கொடுத்தார்கள். 9 நாளில் ஈரல் கொழுப்பின் இடைநிலை அளவு 7.2 சதவீதத்திலிருந்து 3.8 ஆக இறங்கியது.

உள்ளே வருவது இப்படி. வெளியே போகவோ புரதம் வேண்டும். ஈரல் தன் கொழுப்பைப் புரத உறையில் பொதிந்துதான் ரத்தத்தில் அனுப்பும். சத்துக்குறைவால் கைகால் வீங்கும் குவாஷியோர்கர் பிள்ளைகளின் ஈரல் கொழுப்பால் பருத்திருப்பதற்கு இது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. புரதக் குறைவு ஒன்றே அந்நோயைக் கொண்டுவருகிறது என்பதை சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி.கோபாலன் 1960களிலேயே கேள்விக்குள்ளாக்கினார். ஒரே சாப்பாட்டில் ஒரு பிள்ளை வீங்கும், இன்னொன்று வற்றும் என்று காட்டினார். அந்த எச்சரிக்கை இங்கும் பொருந்தும். ஆனாலும் பருப்பும் முட்டையும் குறைந்து இனிப்பு கூடினால், ஈரலுக்கு வரத்து ஏறி, போக்கு அடைபடுகிறது.

கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகளில் பல இப்போது ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் குச்சிக்கிழங்கு. கிழங்கு காசாகிறது, காசு கடைக்குப் போகிறது, ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பொட்டலம் பிள்ளை கைக்கு வருகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியத்தை மீட்க இம்மலையில் பல ஆண்டுகளாக உழைக்கிறது. சிறுதானிய ஆண்டு என்று 2023ஐக் கொண்டாடிய அரசு, மலையில் சாமைக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதைக் கேட்டிருக்க வேண்டும்.

மற்றக் கேள்விகள்:

வெல்லம், மலைத்தேன்? ஈரலுக்கு இரண்டும் சர்க்கரைதான். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

அங்கன்வாடி சத்துமாவு? வெல்லம் இருக்கிறது, ஆனாலும் நிறுத்தாதீர்கள். மேலே சர்க்கரை போடாதீர்கள்.

பலாச்சுளை, வாழைப்பழம்? பழமாகத் தாருங்கள், சாறாக வேண்டாம்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்களே? லேசான கொழுப்பு ஸ்கேனில் தப்பிவிடும்.

ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 38, ‘நார்மல்’ என்கிறது சீட்டு? பல ஆய்வகங்கள் அச்சிடுவது பெரியவர்களின் அளவு. பிள்ளைகளுக்கு உச்சம் பெண்ணுக்கு 22, ஆணுக்கு 26. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று வயதுக்குள்ளேயே ஈரலில் கொழுப்பு கண்டால்? சாப்பாட்டைக் குறை சொல்லி நிறுத்தாமல், பரம்பரை வளர்சிதை நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்து? பிள்ளைகளுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை.