நிலத்தடி நீரை எடை போடுவது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான், பாலைவன நகரம். பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியே வளர்ந்தது. இன்று 540 கி.மீ. நீளக் கால்வாய் கொலராடோ ஆற்று நீரை இந்தப் பக்கம் கொண்டுவருகிறது. அதில் ஒரு பகுதியை ஆவ்ரா பள்ளத்தாக்கில் குளங்களில் தேக்கி, மண்ணுக்குள் இறங்க விடுகிறார்கள்.

இறங்கிய நீர் எவ்வளவு? கிணறு நீர்மட்டத்தைக் காட்டும்; ஆனால் மண்ணின் துளைகளில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. நீருக்கு நிறை உண்டு, நிறைக்கு ஈர்ப்பு உண்டு. பரந்த நிலத்தடியில் 1 மீட்டர் தடிமனுக்குச் சமமான நீர் சேர்ந்தால், மேலே ஈர்ப்பு விசை சுமார் 42 மைக்ரோகால் (ஈர்ப்பை அளக்கும் மிகச் சிறிய அலகு) கூடும். மொத்த ஈர்ப்பில் இது ஏறத்தாழ இருபத்து மூன்று மில்லியனில் ஒரு பங்குதான்!

இதைப் பிடிக்க, வெற்றிடக் குழாய்க்குள் ஒரு சிறு பிரதிபலிப்பானைத் திரும்பத் திரும்ப விழவிட்டு, அது விழும் முடுக்கத்தை லேசராலும் அணுக் கடிகாரத்தாலும் அளக்கிறார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1990களின் இறுதியிலிருந்தே இங்கு குறித்துவைத்த அதே இடங்களுக்குத் திரும்பிவந்து அளந்துவருகிறது.

கருவியைவிடக் கணக்குதான் கடினம். சந்திர, சூரிய ஈர்ப்பையும் காற்றழுத்தத்தையும் கழிக்க வேண்டும். நீர் எடுத்த நிலம் 1 செ.மீ. அமிழ்ந்தாலே ஈர்ப்பு சுமார் 3 மைக்ரோகால் கூடிவிடும். அதனால் தரையின் உயரத்தையும் ஜிபிஎஸ் கொண்டு அளக்கிறார்கள்.