வீட்டுக் கூடம் காப்பாற்றிய சித்திரப்படம்



எல்லயிலிருந்து வெல்லவாய செல்லும் வீதியில் பஸ் இறங்கும்போது, பிள்ளைகள் ஜன்னல் பக்கம் முண்டியடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ராவணா எல்ல நீர்வீழ்ச்சி! "உம்மா, ராவணன் என்றால் யார்?" என்ற கேள்வி உடனே வந்து விழும். வெலிமடைப் பக்கம் திவுரும்பொல விகாரையைக் கடந்தால், சீதையைப் பற்றி அடுத்த கேள்வி. தோட்டத்துப் பிள்ளைகளுடன் ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் புதியவை அல்ல. இப்போது அந்தக் கதையைக் கைத்தொலைபேசியில் கார்ட்டூனாகவும் பார்த்துவிட்டு வருகிறார்கள். வேண்டாம் என்று அதட்டி அனுப்புவது எளிது. ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு கதை இருக்கிறது.

யூகோ சாகோ என்பவர் ஜப்பானிய ஆவணப்படத் தயாரிப்பாளர். 1983இல் இந்தியா வந்தார். அலகாபாத் அருகே தொல்பொருள் அறிஞர் பி.பி. லால் நடத்திய அகழாய்வைப் படம் பிடிப்பதே அவர் வந்த வேலை. அப்போதுதான் இராமாயணம் அவருக்கு அறிமுகமானது. ஜப்பானிய மொழியில் கிடைத்த பல இராமாயண நூல்களை வாங்கிப் படித்தார். பத்திரிகை ஒன்று அவருடைய வேலையைத் தவறாகப் புரிந்துகொண்டு செய்தி வெளியிட, அந்நியர் ஒருவர் இராமாயணத்தைத் தம் இஷ்டப்படி படமெடுக்கக் கூடாது என்று விசுவ இந்து பரிஷத் எதிர்ப்புத் தெரிவித்தது. சாகோ நேரில் சென்று விளக்கினார். மனித நடிகரை விடச் சித்திரமே இந்தக் கதைக்குப் பொருந்தும் என்றார்.

ஆனால் அயோத்தி விவகாரம் சூடேறிக்கொண்டிருந்த காலம் அது. இந்திய அரசாங்கம் கைகொடுக்கத் தயங்கியது. எனவே படத்தின் பெரும்பகுதி ஜப்பானில் உருவானது. இந்தியாவின் முன்னோடிச் சித்திரப்படக் கலைஞர் ராம் மோகனும், ஜப்பானியரான கொய்ச்சி சசாகியும் சாகோவுடன் இணைந்து இயக்கினார்கள். வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். சேலை உடுத்துவது எப்படி, கைகூப்புவது எப்படி என்று ஜப்பானியக் கலைஞர்கள் இந்தியரிடம் கேட்டுக் கேட்டு வரைந்தார்கள்.

சகோதரிகளே, இது எத்தகைய உழைப்பு என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் பழைய கொப்பியின் மூலையில் ஒரு பந்தைப் பக்கத்துக்குப் பக்கம் சிறிது நகர்த்தி வரைந்து, விரலால் மளமளவென்று புரட்டினால் பந்து துள்ளும். சித்திரப்படத்தின் அடிப்படை இவ்வளவுதான். ஆனால் திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். கணினி வருமுன் ஒவ்வொன்றையும் கண்ணாடி போன்ற தாளில் கையால் தீட்டினார்கள். இரண்டேகால் மணி நேரம் ஓடும் இந்தப் படத்துக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் சித்திரங்கள். சுமார் 450 கலைஞர்கள்.

படம் முடிந்தது 1992இல். அந்த ஆண்டு டிசம்பர் 6ஆம் திகதி என்ன நடந்தது என்பதை முஸ்லிம் வீடுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாபர் மஸ்ஜித் இடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பம்பாய் தெருக்களில் இரத்தம் ஓடியது. அந்த அனல் தணியாத 1993 ஜனவரியில்தான் இந்தியாவின் சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டது. திரையரங்குகளில் அதற்குச் சரியான வரவேற்பும் இல்லை, வெளியீடும் இல்லை. கலவரக்காரர்கள் இராமன் பெயரைச் சொல்லிப் பள்ளிவாசலை இடித்தார்கள். அதே பெயரைக் கொண்ட ஒரு சித்திரப்படத்தின் பல்லாண்டு உழைப்பும் அந்தப் புழுதியிலேயே மூழ்கிப் போனது.

பிறகு அது எப்படி எழுந்தது? நம் வீட்டுக் கூடங்களைப் போன்ற கூடங்களில்தான்! தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் போட்டார்கள். விடுமுறை நாளில் பிள்ளைகள் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளுக்கும் தேடிக் கொடுத்தார்கள். 2012இல் சாகோவும், 2019இல் ராம் மோகனும் காலமானார்கள். 2025 ஜனவரி 24ஆம் திகதி அதே படம் புதுப்பொலிவுடன் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. இம்முறை தமிழிலும் பேசியது. தியேட்டர் கைவிட்டதைக் குடும்பம் காப்பாற்றியது.

எல்லாப் படத்துக்கும் இந்தப் பாக்கியம் கிட்டுவதில்லை. நாம் சொல்லிச் சிரிக்கும் முல்லா நஸ்ருதீனை வைத்து ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்ற கலைஞர் 1960களில் ஒரு சித்திரப்படம் தொடங்கினார். பிணக்கு ஏற்பட்டு முல்லா படத்தை விட்டே போனார். வேறு கதையாக மாற்றி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பாடுபட்டார். 1992இல் படம் அவர் கையை விட்டுப் பறிக்கப்பட்டது. பிறர் வெட்டி ஒட்டி வெளியிட்டதும் தோற்றது. இன்று இரசிகர்கள் அவருடைய மூலப் பிரதியைத் தேடித் தேடிப் பார்க்கிறார்கள்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதா, இல்லையா என்பது அவரவர் வீட்டுத் தீர்மானம். உருவப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளை ஏற்கனவே பார்த்துவிட்டு வந்து, "குரங்கையா கும்பிடுகிறார்கள்?" என்று சிரித்தால் என்ன செய்வீர்கள்? தீபாவளிக்கு முறுக்குத் தட்டோடு வாசலில் நிற்கும் தோட்டத்து அக்காவின் காதில் அந்தச் சிரிப்பு விழுந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்?

பிறர் அழைத்து வணங்குபவற்றை ஏசக் கூடாது என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. சூரா அல்அன்ஆமின் 108ஆம் வசனத்தைத் தர்ஜுமாவில் எடுத்துப் பாருங்கள். ஏசாதிருப்பது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. "மகனே, இது அவர்கள் மதிக்கும் கதை. நாம் வணங்குவது அல்லாஹ்வை மட்டுமே. ஆனால் அவர்கள் மனம் நோகப் பேச நமக்கு உரிமை இல்லை." இந்த மூன்று வாக்கியமும் ஒரு தாயின் வாயிலிருந்து வர வேண்டும். மத்ரஸாவில் படிப்பது பிறகு.

டிசம்பர் 6ஐப் பற்றியும் கேட்டால் மறைக்காதீர்கள். கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் வேறு. கதையை ஆயுதமாக்கியவர்கள் வேறு என்று பிரித்துச் சொல்லுங்கள். 1983 ஜூலையில் எரிந்த கடைகளைப் பதுளை மறக்கவில்லை. 2018இல் திகனையில் நம்மவர் வீடுகள் எரிந்ததை நாமும் மறக்கவில்லை. ஒரு சிலர் செய்ததற்காக ஒரு சமூகத்தையே வெறுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த மலைநாடு இரண்டு பக்கமும் அனுபவித்திருக்கிறது.

ஒரு படத்தை முப்பது ஆண்டுகள் உயிரோடு வைத்திருக்க வீட்டுக் கூடத்தால் முடியுமென்றால், பகையை வாழ வைக்கவும் சாகடிக்கவும் அதே கூடத்தால் முடியும். அடுத்த முறை பஸ் ராவணா எல்லயில் நிற்கும்போது, "உம்மா, யார் அவர்?" என்ற கேள்விக்கு அழகான பதிலை இன்றே தயார் செய்துகொள்ளுங்கள். அதற்கு வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன்.