மண் வேண்டாத பூச்செடி!

மண் இல்லாமல் செடி வளருமா? வளரும்! பூவும் பூக்கும்!

மாமரக் கிளையில் தடித்த இலைகளோடு ஒரு செடி ஒட்டிக்கொண்டிருக்கும். கயிறு போன்ற வெள்ளை வேர்கள் கீழே தொங்கும். "புல்லுருவி! மரத்தைக் கெடுத்துவிடும்" என்று பலர் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். பாவம், அது புல்லுருவி அல்ல. "வாண்டா" என்னும் ஆர்க்கிட் செடி. பொதிகை மலை அடிவாரம் போன்ற வெப்பமான இடங்களில் வளர்வது.

புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். வாண்டா மரத்தில் குடியிருக்கும். ஆனால் மரத்திடம் சோறு கேட்காது! மழையையும் பனியையும் வேரால் பிடித்துக்கொள்ளும். அந்த வேரின் மேல்தோல் பஞ்சு போன்றது.

மஞ்சள் கலந்த பச்சை இதழ். அதில் பழுப்பு நிறக் கட்டங்கள். நடுவில் ஊதா நாக்கு. இதுதான் வாண்டா பூ. நல்ல வாசனையும் உண்டு.

வளர்ப்பது எப்படி?

மண்ணில் நட்டால் வேர் அழுகிவிடும். மரச் சட்டக் கூடையில் கரித்துண்டு, ஓட்டுச் சில்லு போட்டு, செடியை வைத்துத் தொங்கவிட வேண்டும். மரக்கிளையில் கயிற்றால் கட்டியும் வளர்க்கலாம்.

காலை வெயில் நல்லது. உச்சி வெயில் ஆகாது. இலை கரும்பச்சையானால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். மஞ்சளித்துக் கருகினால் வெயில் அதிகம்.

தினமும் காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெள்ளை வேர் பச்சையாக மாறினால் போதும். சித்திரை வெயிலில் இரண்டு வேளை தெளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூடையைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட வேண்டும். குருத்தில் இரவு முழுவதும் தண்ணீர் நின்றால் செடி அழுகும். உப்புக் கிணற்று நீர் ஆகாது, மழைநீர் சிறந்தது. உரத்தை மிகவும் நீர்க்கக் கரைத்து, 2 வாரத்துக்கு ஒருமுறை தெளித்தால் போதும்.

காட்டில் கை வைக்காதீர்!

ஆசைப்பட்டுக் காட்டுச் செடியைப் பறிக்கக் கூடாது. 1865-ல் டுரூரி என்ற ஆங்கில ராணுவ அதிகாரி, அகத்திய மலைத் தொடரில் ஓர் ஆர்க்கிட்டைக் கண்டார். மஞ்சள் பூ, அதன் கீழ் இதழ் செருப்பின் முனை போல் இருக்கும். பூப் பிரியர்களுக்காக அதை அள்ளி அள்ளிக் கொண்டுபோனார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கிறது!

களக்காடு–முண்டந்துறைக் காடு 1988-ல் புலிகள் காப்பகம் ஆயிற்று. அங்கே அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றம்.

எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆர்க்கிட் விதை தூசியைப் போல மெல்லியது. காட்டில் ஒருவகைப் பூசணம் உதவினால்தான் அது முளைக்கும். 1922-ல் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் நட்சன், பூசணம் இல்லாமலே சர்க்கரை கலந்த கூழில் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். அதன் பிறகு கண்ணாடிக் குடுவையிலேயே ஆர்க்கிட் நாற்றுகள் வளர்க்கிறார்கள். நாற்றுப் பண்ணையில் அவற்றை வாங்கலாம். பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும், பொறுமை வேண்டும்.

வீட்டு மாமரத்தில் ஏற்கெனவே வாண்டா இருக்கிறதா? பிடுங்காதீர்கள். அதற்கு அந்தக் கிளையைவிட நல்ல தொட்டி கிடையாது!