தண்ணீரில் நின்றும் தாகம்

தாமிரபரணிக் கால்வாய் பாயும் எங்க வயலில் ரஸ்தாளி வாழை மஞ்சளாகித் தொங்கிச்சு. அந்தத் தார்கள்தான் என் பீஸ். "தண்ணி நல்லாத்தானே பாயுது, பொறவு ஏம்ல வாடுது? நீ படிக்கிறவம்லா, சொல்லு" என்றார் அப்பா. விழித்தேன், பிறகு தேடிப் படித்தேன்.

செடிக்குள் நீரேற்றும் நுண்குழாய்கள்தான் சைலம். ஃபுசேரியம் என்னும் மண்பூசணம் வேர்வழி நுழைந்து அவற்றை அடைக்கிறது. பம்பு ஃபுட்வால்வில் சேறு அடைத்தது போலத்தான்! கிழங்கை வெட்டினால் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். இதுவே பனாமா வாடல் நோய். ஏற்றுமதியில் கொடிகட்டிப் பறந்த குரோ மிஷெல் ரகத்தை 1950களில் சாய்த்ததும் இதுதான். 1993-ல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இந்நோயையும் ஆராய்கிறது.

பூசணம் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும், மருந்தடித்து ஒழியாது. நோய்கண்ட தோட்டத்துக் கன்று, சும்மா கிடைத்தாலும் வேண்டாம். இப்போது அப்பா, கன்று எடுக்கும்முன் தாய்வாழைக் கிழங்கை வெட்டிப் பார்க்கிறார்.