மழையில் மிதிக்கும் தேசம்

ஹாலந்து தேசத்துக்கு உத்தியோக நிமித்தம் செல்லும் நம்மவர், ஜனத்தொகையைக் காட்டிலும் சைக்கிள்களின் தொகை மிகுந்த அந்நாட்டில், பிரதம மந்திரியாயிருந்த மார்க் ருட்டேகூடச் சைக்கிளிலேயே அலுவலகம் சென்றவர் என்பதை அறிந்து உற்சாகமடைந்து, தாமும் ஒரு வண்டியை வாங்கிவிடுகிறார்கள். நவம்பர் பிறந்து, வடகடலின் ஈரக்காற்று எதிரே வந்து மோதும்போதுதான் அந்த உற்சாகத்துக்குப் பரீட்சை ஏற்படுகிறது.

குளிரைவிட ஈரமே கொடியது. காற்றைக் காட்டிலும் ஜலம் சுமார் 25 மடங்கு அதிகமாக உஷ்ணத்தைக் கடத்துவதால், நனைந்த பருத்தி ஆடை தேகத்தின் வெப்பத்தை வெகு சீக்கிரம் கவர்ந்துவிடும். கம்பளியோ நனைந்த பின்னும் ஓரளவு கதகதப்பைக் காக்கும். மழைக்கோட்டை இறுக மூடிக்கொண்டு விரைந்து மிதிப்பவர், வெளியே மழையாலும் உள்ளே வியர்வையாலும் ஒருங்கே நனைவாராகையால், புறப்படும்போது சற்றே குளிர்வதுதான் உத்தமம். கைகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. விறைத்த விரல்கள் பிரேக் பிடிக்க உதவா.

அந்நாட்டு வண்டிகள் பார்வைக்குக் கனத்து, லட்சணமற்றுத் தோன்றினாலும் (நம் தாத்தாக்களின் சைக்கிளை அறிந்தவர் முகம் சுளிக்கமாட்டார்), சங்கிலியை முழுதும் மூடும் உறை, அகன்ற மட்கார்டு, ஹப்பினுள் அடங்கிய பிரேக் ஆகிய யாவும் மழைக்கு ஏற்றவை. ரிம்மைக் கவ்வும் பிரேக் ஈரத்தில் தாமதித்தே பிடிக்கும். ஆம்ஸ்டர்டாமின் டிராம் தண்டவாளங்களைக் கூடியவரை செங்குத்தாகவே கடக்க வேண்டும். நனைந்த இரும்பில் சாய்ந்து ஏறும் சக்கரம் ஆளைத் தள்ளிவிடும். இருட்டில் விளக்கின்றிச் செல்வோருக்கு அபராதம் உண்டு. 2019 ஜூலை முதல், ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் ஏந்துவதும் குற்றமே.

புதிதாகச் செல்வோர் முதற்சம்பளத்தில் நல்ல கையுறைகளை வாங்கிக்கொள்வார்களாக. மற்றவை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.