கூட்டத்தைக் கணக்கிடும் கிருமி

ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்புவது ‘செட்சி’ என்னும் ஈ. நோயை உண்டாக்கும் டிரிபனசோமா, ஒரே செல்லால் ஆன கிருமி. கண்ணில்லை, காதில்லை, ஆயினும் தன் கூட்டம் எவ்வளவு பெருகியுள்ளது என்பதை அது அறிந்துகொள்கிறது.

எப்படி? இரத்தத்தில் உள்ள இக்கிருமிகள் வெளியிடும் நொதிகள், புரதங்களைச் சிறு துண்டுகளாக நறுக்குகின்றன. கூட்டம் பெருகப் பெருகத் துண்டுகளும் மிகுகின்றன. ஓர் அளவை எட்டியதும், மெலிந்து நீண்ட கிருமிகள் பெருகுவதை நிறுத்திக் கட்டைக் குட்டையாக மாறுகின்றன. நோயாளி விரைவில் மாண்டுவிடாதிருக்கவும், ஈயின் வயிற்றில் கிருமி பிழைக்கவும் இது உதவுகிறது. இத்துண்டுகளே சமிக்ஞை என்று எடின்பரோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் அறிவித்தனர்.

இந்தியாவில் குதிரை, ஒட்டகம், மாடுகளை வாட்டும் ‘சர்ரா’ நோய்க்கும் இதே இனக் கிருமிதான் காரணம். 1880-ல் அன்றைய பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் அதைக் கண்டார். கடிக்கும் ஈக்களின் வாயில் ஒட்டிய இரத்தத்தோடு அது பரவுகிறது. ஈயின் உடலுக்குள் வளர வேண்டியதில்லை. ஆகவே கட்டைக் குட்டையாகும் வழக்கத்தையே அது இழந்துவிட்டது. சிகிச்சை பெறாத குதிரைகள் பெரும்பாலும் மடிகின்றன.

அந்தச் சமிக்ஞையை மருந்தாக்க முடிந்தால் தூக்க நோய் அடங்கலாம். நிறுத்து என்ற சொல்லுக்குப் பணியாத சர்ராவுக்கோ வேறு வழிதான் தேட வேண்டும்.