நங்கூரம் பாய்ச்சுவது எப்படி?

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)

முத்துக்கும் உப்புக்கும் பேர்போன நம் தூத்துக்குடியில் நங்கூரத்தைப் பார்க்காத பிள்ளைகள் இருக்க முடியாது. ஆனால், "நங்கூரம் எப்படித் தோணியைப் பிடித்து நிறுத்துகிறது?" என்று கேட்டால், "அது கனமாக இருப்பதால்" என்றே நம்மில் பலர் விடை கூறுவோம். அவ்விடை முழுவதும் சரியன்று. கனம் மட்டுமே காரணமானால், பல டன் சரக்கு ஏற்றிய தோணியை அதைவிடப் பன்மடங்கு எடை குறைந்த ஓர் இரும்பு எவ்வாறு தடுக்கும்? அதன் இரகசியத்தை இங்குக் காண்போம்.

பாய்மரத் தோணிக்குக் காற்றுதான் எஞ்சின். முற்காலத்தில் நம் ஊருக்கும் கொழும்புக்கும் இடையே சரக்குத் தோணிகள் பாய் விரித்து ஓடின. காற்று ஓய்ந்துவிட்டாலோ, பார்கள் நிறைந்த கடலில் இருட்டிவிட்டாலோ மேலே செல்வது ஆபத்து. அப்போது தோணியின் தலைவராகிய தண்டல், மறைவான ஓர் இடம் தேடி நங்கூரம் பாய்ச்சி, விடியும்வரை காத்திருக்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. வான் தீவு, காசுவார் தீவு, கரியசல்லி, விலாங்குசல்லி ஆகியவை நமக்கு அருகில் உள்ளவை. இவை படங்களில் காணும் மலைத் தீவுகளைப் போன்றவை அல்ல. கடல் மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த மணல் திட்டுகள். ஆகவே இவை காற்றை அதிகம் தடுப்பதில்லை. ஆனால் இவற்றைச் சூழ்ந்த பவளப் பார்கள் அலையை உடைத்துவிடுகின்றன. வாடையோ கொண்டலோ வீசும்போது, தீவுக்கு மேற்கே, அதாவது நம் கரையை நோக்கிய பக்கத்தில் கடல் அடங்கியிருக்கும். தரையிலிருந்து கச்சான் வீசும்போதோ, நம் கரையை ஒட்டிய பகுதியே நல்ல மறைவு. காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து இடம் தேர்வதே முதல் பாடம்.

அடுத்து, ஆழம் அறிய வேண்டும். கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டிக் கடலில் இறக்குவார்கள். இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். அது சுமார் 6 அடி. குண்டின் அடியில் உள்ள குழியில் கொழுப்பைத் தடவியிருப்பதால், தரையில் உள்ள மணலோ சேறோ அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றும் ஒட்டாவிட்டால் கீழே பாறை என்று பொருள். மணலிலும் சேற்றிலும் நங்கூரத்தின் நாக்கு ஊன்றும். பாறையில் ஒன்று வழுக்கும், அல்லது மீட்க முடியாதபடி சிக்கிக்கொள்ளும்.

இப்போது இரகசியத்துக்கு வருவோம். நங்கூரத்தை நேர் மேலே இழுத்தால் அது பெயர்ந்து வந்துவிடும். தரையோடு தரையாகக் கிடைமட்டமாக இழுத்தால், அதன் நாக்கு மேலும் ஆழமாகப் புதையும். கிடைமட்டமாக இழுக்க வேண்டுமானால் கயிறு நீளமாக இருக்க வேண்டும். நீர் ஆழம் 18 அடி, தோணியின் முன்பக்கமாகிய அணியம் நீருக்கு மேல் 6 அடி என்று கொள்வோம். மொத்தம் 24 அடி. இதைப்போல் ஏழு மடங்கு, அதாவது 168 அடி, சரியாக 28 பாகம் கயிறு விடுவது நலம். காற்று வலுத்தால் இன்னும் விட வேண்டும். நங்கூரத்தை ஒட்டிச் சிறிது நீளம் சங்கிலி இருந்தால், அதன் கனம் கயிற்றைத் தரையோடு அழுத்தி வைக்கும். கூரிய பாறையும் கயிற்றை அறுக்காது.

நங்கூரத்தை வீசி எறியக் கூடாது. அணியத்தைக் காற்றின் முகமாகத் திருப்பி, பாயை இறக்கி, தோணி பின்னோக்கி நகரத் தொடங்கும்போது மெல்ல இறக்க வேண்டும். அப்போதுதான் கயிறு சிக்கலின்றி நீளும்.

இதோடு தண்டல் உறங்கிவிட முடியாது. பகலில் கடற்காற்றும் இரவில் கரைக்காற்றும் மாறி மாறி வீசுவதை நாம் பூகோளப் பாடத்தில் படித்திருக்கிறோம். 1955 முதல் 1961 வரை இங்கு நடந்த முத்துக்குளிப்பை நம் பெரியோர் அறிவர். முத்துக்குளிப்புப் படகுகள் இரவில் கரைக்காற்றில் பாருக்குச் சென்று, பிற்பகல் கடற்காற்றில் திரும்புவது பழைய வழக்கம். அந்தக் காற்று மாற்றத்தால், நங்கூரமிட்ட தோணியும் இரவில் வட்டமாகச் சுழலும். எனவே கயிற்றின் நீளத்தோடு தோணியின் நீளத்தையும் கூட்டி, அந்த அளவுக்குச் சுற்றிலும் பாரோ வேறு படகோ இல்லாதிருக்க வேண்டும். வெள்ளை விளக்கு ஒன்றை ஏற்றி வைத்து, ஒருவர் விழித்திருக்க வேண்டும். கயிற்றில் கை வைத்துப் பார்த்தால், நங்கூரம் தரையில் இழுபடும்போது அதிர்வு தெரியும். கலங்கரை விளக்கம் போன்ற கரை அடையாளங்களையும் அடிக்கடி பார்த்து, தோணி இடம் பெயர்ந்ததா என்று அறியலாம்.

இம்முறைகள் மிகப் பழமையானவை. திருத்தூதர் பணிகள் நூலில், புனித சின்னப்பர் சென்ற கப்பல் புயலில் சிக்கியதைப் படிக்கிறோம். பதினான்காம் நாள் நள்ளிரவில் மாலுமிகள் ஆழம் பார்த்தனர். முதலில் 20 பாகம். சற்று நேரத்தில் 15 பாகம். கரை நெருங்குகிறது, பாறையில் மோதுவோம் என்று அஞ்சி, பின்புறமிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கி, விடியலுக்காக மன்றாடினர். மறுநாள் கப்பல் உடைந்தது. ஆனால் அதிலிருந்த 276 பேரும் பிழைத்து மால்தா தீவில் கரையேறினர். அந்த இரவு அவர்களைக் காத்த கருவி நங்கூரமே.

ஆனால் தோணியைக் காக்கும் நங்கூரம் கடலைப் புண்படுத்தவும் கூடும். பவளப் பார் வெறும் கல்லன்று. கோடானுகோடி சிற்றுயிர்கள் கட்டிய வீடு. பெரிய பவளக் கற்கள் ஆண்டுக்கு ஒரு செண்டிமீட்டர் அளவே வளர்கின்றன. தலைமுறைகள் வளர்ந்ததை ஒரு நங்கூரம் நொடியில் நொறுக்கிவிடும். முன்னர்ச் சுண்ணாம்புக்காகப் பவளத்தை அளவின்றி வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் பார் அழிந்ததால் மணல் அரித்து, விலாங்குசல்லித் தீவு கடலில் மூழ்கிவிட்டது. மறைவு தரும் பாரை அழித்தால் மறைவும் போய்விடும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று இது. 1986இல் இத்தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அனுமதியின்றி அங்கு இறங்குவது குற்றம். எந்தக் கடலிலும் பவளத்தைத் தவிர்த்து மணலில் நங்கூரமிடுவதே நல்ல மாலுமிக்கு அழகு.

அன்புத் தோழியரே! எபிரேயர் திருமுகம் நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரத்துக்கு ஒப்பிடுகிறது. நங்கூரம் தன் கனத்தால் மட்டும் நிற்பதில்லை; நல்ல தரையில் ஊன்றி, தாழ்ந்து கிடந்து, இழுக்க இழுக்க ஆழமாகப் பதிந்தே நிற்கிறது. சோதனை வரும்போது நம் விசுவாசமும் அவ்வாறே பதியட்டும். கடலில் இரவைக் கழிக்கும் நம் தந்தையரையும் சகோதரரையும் பனிமய மாதா காத்தருள்வாராக!